ஜெர்மனியில் படிக்கும்போது டாக்டரைப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மாக்டபுர்க்கில் முதுகலை படித்தேன், இப்போது இங்கேயே வேலை பார்க்கிறேன். செப்டம்பர், அக்டோபர் வந்தால் ஊரிலிருந்து புதிதாக வரும் தம்பி, தங்கைகளிடமிருந்து செய்தி மேல் செய்தி வரும். வீடு, பேங்க், மளிகைக் கடை எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, உடம்புக்கு முடியாமல் போன ஒரு ராத்திரியில்தான் டாக்டரைப் பற்றிக் கேட்பார்கள். அந்தக் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன். தொகைகள் 2025ஆம் ஆண்டு நிலவரப்படி.

டாக்டரைப் பார்க்க எவ்வளவு ஆகும்?

பப்ளிக் இன்சூரன்ஸ், அதாவது ஜெர்மனியின் சட்டப்படியான மருத்துவக் காப்பீடு, இருந்தால் ஒன்றும் ஆகாது. கன்சல்டேஷனுக்குக் கட்டணம் கிடையாது. டாக்டர் தேவை என்று எழுதும் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எதற்கும் நாம் பணம் கட்டுவதில்லை. ஒரு காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 10 யூரோ வாங்கினார்கள், அதையும் 2013இல் எடுத்துவிட்டார்கள்.

இதைச் சொன்னால் யாரும் உடனே நம்புவதில்லை. நானும் நம்பவில்லை. வந்த முதல் அக்டோபரில் எனக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தது. ஊரில் ஃபீஸ் முந்நூறு ரூபாய் என்றால் இங்கே எத்தனை யூரோ கேட்பார்களோ என்று கணக்குப் போட்டுக்கொண்டு, அம்மா கட்டிக் கொடுத்த டோலோ மாத்திரையோடு ஐந்து நாள் அறையிலேயே கிடந்தேன். ஆறாம் நாள் எச்சில்கூட விழுங்க முடியவில்லை என்றுதான் போனேன். வரவேற்பில் இருந்த அம்மா என் இன்சூரன்ஸ் கார்டை வாங்கி ஒரு சின்ன மெஷினில் செருகி, பச்சை விளக்கு எரிந்ததும் திருப்பிக் கொடுத்தார். டாக்டர் பார்த்து முடித்தார். வெளியே வந்து பர்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். 'இன்னும் ஏதாவது வேண்டுமா?' என்று கேட்டார். எவ்வளவு தர வேண்டும் என்றேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. மாதா மாதம் நான் கட்டும் பிரீமியத்திலேயே அது அடங்கிவிட்டது என்று எனக்குப் புரிய இன்னும் ஒரு நிமிடம் ஆனது.

பில்லை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள் என்பதை எல்லோரிடமும் முதலில் சொல்வது இதனால்தான். நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள்.

ஏஜென்ட் 30, 40 யூரோவுக்கே இன்சூரன்ஸ் வாங்கித் தருகிறேன் என்கிறாரே, அது போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

30 வயதுக்குள் இருந்து, ஜெர்மனியில் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்பில் சேர்ந்தால், மாணவர் கட்டணத்தில் பப்ளிக் இன்சூரன்ஸ் உங்கள் உரிமை. டிகே, ஏஓகே, பார்மர் போன்ற நிறுவனங்கள் எல்லாம் இந்த வகை. அடிப்படைக் கட்டணம் சட்டப்படி எல்லாவற்றிலும் ஒன்றுதான். அதற்கு மேல் ஒவ்வொரு நிறுவனமும் வைக்கும் கூடுதல் சதவீதத்தில்தான் சின்ன வித்தியாசம் வரும். மாதம் 140 யூரோவை ஒட்டி வரும். 23 வயதைத் தாண்டி, குழந்தை இல்லாதவர் என்றால் ஏறக்குறைய 5 யூரோ கூடுதல்.

விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுன்ட்டிலிருந்து மாதம் 992 யூரோதான் வரும். அதில் 140 போவது வலிக்கத்தான் செய்யும். 30 யூரோ திட்டம் அங்கேதான் இனிக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பயணக் காப்பீடு போன்றவை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தரமாட்டார்கள். முதலில் நீங்கள் கையிலிருந்து கட்டி, பில்லை அனுப்பி, அவர்கள் பார்த்துத் தருவதுதான் வழக்கம். பிரைவேட் நோயாளிக்கு டாக்டர் போடும் கட்டணமும் வேறு. அரசு வகுத்த விலைப்பட்டியலில் உள்ள தொகையை வழக்கமாக 2.3 மடங்கு வரை பெருக்கிப் போடுவார்கள். மலிவான திட்டங்கள் பல அந்த அளவு கொடுப்பதில்லை. மீதி உங்கள் தலையில்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பிரைவேட் எடுக்க வேண்டும் என்றால், பப்ளிக் இன்சூரன்ஸிலிருந்து விலக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பெயர் பெஃப்ரையுங். ஒருமுறை வாங்கிவிட்டால் அந்தப் படிப்பு முடியும்வரை திரும்ப வர முடியாது. என்னோடு படித்த ஒருவர், ஊரில் ஒரு ஏஜென்ட் நீட்டிய தாள்களில் இதுவும் ஒன்று என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டாவது செமஸ்டரில் முதுகுத் தண்டில் பிரச்சினை வந்தது. பிசியோதெரபி பில்களை ஷூ பெட்டியில் போட்டு வைத்திருந்தார். பெட்டி நிறைந்தது, பாதிப் பணம்தான் திரும்ப வந்தது. பப்ளிக்குக்கு மாற எவ்வளவோ அலைந்தார், முடியவில்லை. புரியாத ஜெர்மன் தாள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பெஃப்ரையுங் என்ற சொல் அதில் எங்காவது இருந்தால் கட்டாயம் போடாதீர்கள்.

எனக்கு 30 தாண்டிவிட்டது. என்ன செய்வது?

நேரே ஊரிலிருந்து வருபவர் என்றால் மாணவர் கட்டணம் கிடைக்காது, பிரைவேட்தான் வழி. பட்ட வகுப்புக்கு முன்பு மொழி வகுப்பு மட்டும் படிப்பவர்களுக்கும் இதே நிலைமைதான். அப்படியானால் விலையை மட்டும் பார்க்காதீர்கள். வெளிநோயாளி சிகிச்சைக்கு எத்தனை மடங்கு வரை தருகிறார்கள், பழைய நோய்களை ஒதுக்குகிறார்களா, நீங்கள் முதலில் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே உங்கள் இன்சூரன்ஸ் எத்தனை மடங்கு தரும் என்று கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். சிலர் அதற்குள் முடித்துக் கொடுப்பார்கள்.

29 வயதில் வருபவர்கள் பிறந்தநாளுக்கு முன்பே பப்ளிக்கில் சேர்ந்துவிடுங்கள். 30 முடியும் செமஸ்டரின் கடைசி வரை மாணவர் கட்டணம் ஓடும். பிறகு கட்டணம் கிட்டத்தட்ட 250 யூரோவுக்குப் போகும், ஆனால் உள்ளேயே தொடரலாம்.

விமானம் இறங்கிய நாளுக்கும் செமஸ்டர் தொடங்கும் நாளுக்கும் நடுவில்?

மாணவர் காப்பீடு பொதுவாக செமஸ்டர் தொடங்கும் நாளில் அல்லது பதிவு செய்த நாளில்தான் உயிர் பெறும். அதுவரைக்கும் பயணக் காப்பீடு போதும். இந்த இடைவெளிக்குத்தான் அது சரியான பொருள்.

எந்த டாக்டரிடம் போக வேண்டும்?

நம் ஊரில் காது வலித்தால் நேரே ஈஎன்டி, வயிறு வலித்தால் நேரே கேஸ்ட்ரோ. இங்கே முதலில் ஹவுஸ்ஆர்ட்ஸ்ட், அதாவது குடும்ப டாக்டர். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, முதுகு வலி, தூக்கமின்மை எதுவானாலும் அவரிடம்தான் தொடக்கம். நன்றாக இருக்கும்போதே ஒருவரைப் பிடித்து வையுங்கள். பல கிளினிக்குகள் புதியவர்களைச் சேர்ப்பதில்லை. காய்ச்சலோடு பத்து இடத்துக்கு போன் போடுவது கொடுமை.

வாசல் பலகையைப் பாருங்கள். 'ஆல காஸ்ஸன்' என்று இருந்தால் எல்லா பப்ளிக் இன்சூரன்ஸும் செல்லும். 'பிரிவாட்பிராக்சிஸ்' என்று இருந்தால் உங்கள் கார்டு அங்கே செல்லாது. டாக்டோலிப் செயலியில் ஆங்கிலம் பேசும் டாக்டர் வேண்டும் என்றும், பப்ளிக் இன்சூரன்ஸ் ஏற்பவர் வேண்டும் என்றும் வடிகட்டலாம். இரண்டாவதை மறந்தால் பிரைவேட் கிளினிக்கின் நாளைக்கே இருக்கும் அப்பாயின்ட்மென்ட்டை அமுக்கிவிடுவீர்கள், அப்புறம் பில் வரும்.

ஒரே ஒரு ஜெர்மன் வாக்கியம் மனப்பாடம் செய்யுங்கள்: 'ஊபர்நிம்ட் தாஸ் டீ காஸ்ஸ?' இதை இன்சூரன்ஸ் ஏற்குமா என்று அர்த்தம். டாக்டர் புதிதாக எதைச் சொன்னாலும் இதைக் கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், ஜெர்மன்காரர்களும் கேட்பதுதான்.

அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போக முடியாவிட்டால் முன்கூட்டியே ரத்து செய்யுங்கள். சொல்லாமல் விட்டால் சில இடங்களில் அபராதம் கேட்பார்கள், அதை இன்சூரன்ஸ் தராது.

கார்டு இன்னும் வரவில்லை, உடம்பு சரியில்லை. போகலாமா?

போகலாம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு போன் செய்து தற்காலிகச் சான்று கேளுங்கள், பெரும்பாலும் அன்றே அனுப்பிவிடுவார்கள். சான்றும் இல்லாமல் போனால் கார்டைக் காட்ட 10 நாள் அவகாசம் உண்டு. அதற்கு மேல் போனால் பிரைவேட் பில் போடலாம். அப்படிக் கட்டினாலும், அந்தக் காலாண்டு முடிவதற்குள் கார்டைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும்.

ஸ்பெஷலிஸ்டுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தேதி தருகிறார்கள். அதுவரை என்ன செய்வது?

இங்கே பணச் செலவு குறைவு, காத்திருப்புதான் செலவு. தோல் டாக்டர், கண் டாக்டர், மூட்டு டாக்டர் எல்லோருக்கும் இதே கதைதான். ஆனால் அதைக் குறைக்க சட்டப்படியே வழிகள் இருக்கின்றன. புதிதாக வந்தவர்களுக்கு அவை தெரிவதில்லை.

ஹவுஸ்ஆர்ட்ஸ்ட் தரும் பரிந்துரைச் சீட்டுக்கு ஊபர்வைசுங் என்று பெயர். விஷயம் அவசரம் என்று அவர் நினைத்தால் அதில் ஒரு குறியீட்டு எண்ணையும் சேர்த்துத் தருவார். அந்த எண்ணோடு டாக்டர் சேவைக்கான உதவி எண்ணான 116117க்கு அழைத்தாலோ அவர்கள் இணையதளத்தில் பதிந்தாலோ அப்பாயின்ட்மென்ட்டை அவர்களே தேடித் தருவார்கள். டாக்டரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, கொஞ்சம் தூரமாகவும் இருக்கலாம். பரவாயில்லை, மாணவர் பயணச் சீட்டான செமஸ்டர் டிக்கெட்டில் ரயில் ஏறிப் போய்விட்டு வாருங்கள். எண் வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் கிடைப்பது அபூர்வம்.

இன்னொன்று, தோல், கண், காது மூக்கு தொண்டை, எலும்பு, மகளிர் நலம் உள்ளிட்ட பல பிரிவு டாக்டர்கள் வாரத்துக்குக் குறைந்தது ஐந்து மணி நேரம் அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் வருபவர்களைப் பார்க்க வேண்டும் என்று 2019இல் சட்டம் வந்தது. அந்த நேரத்தின் பெயர் 'ஆஃபன ஷ்பிரெஹ்ஷ்டுண்ட'. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு, கதவு திறக்கும் முன்பே போய் நில்லுங்கள். எனக்கு கையில் ஒரு தடிப்பு வந்தபோது மூன்று மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அதே டாக்டரை ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு வரிசையில் நின்று, ஒன்பது மணிக்குள் பார்த்துவிட்டேன்.

மருந்துக்கு எவ்வளவு?

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துக்கு விலையில் 10 சதவீதம் உங்கள் பங்கு, ஆனால் 5 யூரோவுக்குக் குறையாது, 10 யூரோவைத் தாண்டாது. 80 யூரோ மருந்துக்கு 8, 300 யூரோ மருந்துக்கு 10. மருந்தின் விலையே 5 யூரோவுக்குக் குறைவு என்றால் அந்த விலை மட்டும். 2024 ஜனவரியிலிருந்து சீட்டு பெரும்பாலும் மின்னணுதான், மருந்துக்கடையில் கார்டை நீட்டினால் போதும். 28 நாளுக்குள் வாங்கிவிடுங்கள்.

பாராசிட்டமால், மூக்கு ஸ்பிரே, இருமல் சிரப் போன்றவை பெரியவர்களுக்கு இன்சூரன்ஸில் வராது. கைக்காசுதான், சில யூரோ. இவை சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது, ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மருந்துக்கடைகளும் மூடியிருக்கும். ஆகவே வீட்டில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிபயாட்டிக் சீட்டில்லாமல் எங்கும் கிடைக்காது. சளி, காய்ச்சல் என்று போனால் டீ குடி, ஓய்வெடு என்று அனுப்புவார்கள். நம்மவர்களுக்கு ஊசி போடாவிட்டால் வைத்தியமே பார்க்காத மாதிரி இருக்கும். அவர்கள் அலட்சியமாக இருப்பதாக நினைக்க வேண்டாம். வைரஸ் காய்ச்சலுக்கு அதுதான் வைத்தியம்.

ராத்திரி திடீரென்று முடியவில்லை. ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் ஆயிரக்கணக்கில் பில் வருமாமே?

அது அமெரிக்காவைப் பற்றிய கதை, இங்கே அப்படி இல்லை. காலைவரை தள்ள முடியாது, ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லை என்றால் 116117. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், தாங்க முடியாத வலி என்றால் யோசிக்காமல் 112.

என் அறைத்தோழனுக்கு ஒரு புதன்கிழமை வயிற்று வலி ஆரம்பித்தது. கேஸ் என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்தான். வியாழன் சாயங்காலம் வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டான். ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறேன் என்றால் என் கையைப் பிடித்துத் தடுக்கிறான். 'பில் வந்தா அப்பாகிட்ட என்னடா சொல்றது?' என்று அழுதான். அப்பா நிலத்தின் பேரில் கடன் வாங்கி அனுப்பியிருந்தார். நான் போனை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போய் 112 போட்டேன். குடல்வால் அழற்சி. அன்று ராத்திரியே ஆபரேஷன். இன்னும் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டான். அடுத்த சில வாரங்களில் இரண்டு கடிதம் வந்தது. ஆம்புலன்ஸுக்கு அவன் பங்கு 10 யூரோ. மருத்துவமனைக்கு நாளொன்றுக்கு 10 யூரோ, சேர்ந்த நாளையும் வெளியேறிய நாளையும் சேர்த்து 5 நாளுக்கு 50 யூரோ. மொத்தம் 60. ஆபரேஷன், மயக்க மருந்து, சாப்பாடு, படுக்கை எல்லாம் அதில் அடக்கம். மருத்துவமனைப் பங்கும் வருடத்துக்கு அதிகபட்சம் 28 நாளுக்குத்தான் வாங்குவார்கள். அந்த இரண்டு கடிதத்தையும் அவன் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறான், புதிதாக வருபவர்களுக்குக் காட்டுவதற்காக.

பல் வலி?

பல்லில்தான் பணம் போகும். கிளம்பும் முன்பு ஊரிலேயே ஒருமுறை காட்டி, சொத்தை இருந்தால் அடைத்துக்கொண்டு வாருங்கள்.

இங்கே வருடத்துக்கு இரண்டு பரிசோதனை, ஒருமுறை பல் காரை நீக்குவது, பல் பிடுங்குவது, சாதாரண அடைப்பு ஆகியவை இன்சூரன்ஸில் வரும். விலை உயர்ந்த அடைப்பைப் பரிந்துரைப்பார்கள், அதற்கு வித்தியாசத் தொகை நீங்கள் தர வேண்டும். இன்சூரன்ஸ் ஏற்கும் வகையே போதும் என்று சொல்லலாம், தப்பில்லை. கிரவுன், பிரிட்ஜ் என்றால் வழக்கமான சிகிச்சைக்கான செலவில் 60 சதவீதம்தான் தருவார்கள். ஐந்து வருடம் தவறாமல் பரிசோதனை செய்து போனுஸ்ஹெஃப்ட் என்ற சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்கியிருந்தால் 70.

ஆனால் வருமானம் குறைந்தவர்களுக்கு ஹெர்ட்டஃபால் என்றொரு விதி உண்டு. தனியாளின் மாத மொத்த வருமானம் 1,498 யூரோவுக்குள் இருந்தால், விண்ணப்பித்து இரட்டிப்பு உதவி வாங்கலாம். வழக்கமான வகை கிரவுனாக இருந்தால் முழுச் செலவும் அதில் அடங்கிவிடும். பெரும்பாலான மாணவர்கள் இந்த வரம்புக்குள்தான் வருவார்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பல் டாக்டர் செலவுத் திட்டத்தைப் போட்டதும், நாற்காலியில் திரும்ப உட்காரும் முன்பு இன்சூரன்ஸுக்கு போன் போடுங்கள்.

கண்ணாடி?

பெரியவர்களுக்கு மிக அதிக பவர் இருந்தால் மட்டும்தான் உதவி. ஊரிலேயே இரண்டு ஜோடி செய்துகொண்டு வாருங்கள்.

ஃபுல் பாடி செக்கப், வைட்டமின் டி டெஸ்ட் எல்லாம் எடுக்கலாமா?

18 முதல் 34 வயதுக்குள் ஒரு பொதுப் பரிசோதனை இலவசம். அது தவிர, நோய் அறிகுறி எதுவும் இல்லாமல் நீங்களாகக் கேட்கும் டெஸ்ட்டுகளுக்குக் கைக்காசு. இந்த வகைக்கு 'ஈகெல்' என்று பெயர். பணம் வாங்கும் முன்பு கையெழுத்து வாங்க வேண்டும். வரவேற்பில் தாள் நீட்டினால் தலைப்பைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

எனக்கு ஏற்கெனவே சுகர், தைராய்டு, ஆஸ்துமா இருக்கிறது. சேர்த்துக்கொள்வார்களா?

பப்ளிக்கில் மறுக்கவே முடியாது, கூடுதல் பிரீமியமும் கிடையாது, முதல் நாளிலிருந்தே சிகிச்சை. இன்சுலினுக்கும் பெட்டிக்கு அதிகபட்சம் 10 யூரோதான். வரும்போது மூன்று மாதத்துக்கான மருந்தும், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய ஆங்கிலச் சீட்டும் எடுத்து வாருங்கள். நம் ஊர் பிராண்ட் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. வருடத்தில் கட்டிய பங்குத் தொகைகள் ஆண்டு வருமானத்தில் 2 சதவீதத்தைத் தாண்டினால், தீராத நோய் உள்ளவருக்கு 1 சதவீதத்தைத் தாண்டினால், மீதியைத் திரும்பக் கேட்கலாம். ஆகவே ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

பரீட்சை அன்று, வேலை நாள் அன்று முடியாமல் போனால்?

பரீட்சைக்கு அன்றே டாக்டரிடம் போங்கள், மறுநாள் போனால் பல துறைகள் ஏற்பதில்லை. உங்கள் துறைக்கென்று தனிப் படிவம் இருக்கலாம், முன்கூட்டியே அச்சடித்து வையுங்கள். அதை நிரப்ப டாக்டர் சில யூரோ வாங்கலாம். பார்ட் டைம் வேலையில் நான்கு வாரம் முடிந்திருந்தால், மினிஜாப் என்ற குறைந்த சம்பளச் சிறு வேலை ஆனாலும், நோய் நாளுக்குச் சம்பளம் உண்டு. 'வரலைன்னா காசு இல்ல' என்று முதலாளி சொன்னால் அது சட்டப்படி தவறு.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் சரியில்லை.

நவம்பரில் நான்கரை மணிக்கே இருட்டிவிடும். வீட்டு ஞாபகம், கடன், ஃபெயிலான பாடம் எல்லாம் அந்த இருட்டில் பெரிதாகத் தெரியும். இதுவும் டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. மாணவர் நல அமைப்பான ஷ்டூடியரெண்டன்வெர்க் பல ஊர்களில் இலவசமாக ஆலோசனை தருகிறது, ஆங்கிலத்திலும் கிடைக்கும். மனநல சிகிச்சைக்கான முதல் சந்திப்புக்குப் பரிந்துரைச் சீட்டு தேவையில்லை, 116117 வழியாகவே வாங்கலாம். முழு சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும், அதனால் முதல் சந்திப்பைத் தள்ளிப்போடாதீர்கள். ராத்திரியில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்றால் 0800 1110111, இருபத்து நாலு மணி நேரமும் இலவசம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 112. அதுவும் அவசர நோய்தான்.

மனைவியும் குழந்தையும் வந்தால்?

அவர்களுக்கு வருமானம் இல்லையென்றால் உங்கள் பப்ளிக் இன்சூரன்ஸிலேயே இலவசமாகச் சேரலாம். பிரசவத்துக்கு மருத்துவமனைப் பங்குத் தொகைகூடக் கிடையாது. பிரைவேட்டில் ஆளுக்கு ஒரு பிரீமியம்.

லீவுக்கு ஊருக்கு வந்தாலும் இது செல்லுமா? படிப்பு முடிந்து கிளம்பும்போது?

கார்டின் பின்பக்கம் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் செல்லும், பாரிஸுக்கோ ரோமுக்கோ போனால் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். இந்தியாவில் செல்லாது, தனியாகப் பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியை விட்டே கிளம்புகிறீர்கள் என்றால் நகராட்சி அலுவலகத்தில் முகவரியை நீக்கி, அந்தச் சான்றை இன்சூரன்ஸுக்கு அனுப்பி, முடித்துவிட்டோம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டுப் போனவர்களுக்குப் பிரீமியம் ஓடிக்கொண்டே இருக்கும். கிளம்பும் வாரத்தில் சாமான் கட்டுவது, டெபாசிட் வாங்குவது என்று ஆயிரம் வேலை இருக்கும், அதனால் இதை முந்தின வாரமே செய்துவிடுங்கள்.